தகவல் கடமை: சென்னை மருத்துவர்களும் துன்புறுத்தல் குறித்த சட்டங்களும்

நோயாளியின் உடலில் காணும் அடையாளங்களைக் கொண்டோ, அவர் சொன்ன சொற்களைக் கொண்டோ, அவர் யாராலோ துன்புறுத்தப்படுகிறார் என்று மருத்துவர் அறிய நேர்ந்தால், அதைக் காவல்துறைக்கோ அரசின் வேறு அமைப்புக்கோ தெரிவிக்கவேண்டிய பொறுப்பே தகவல் கடமை எனப்படுகிறது. குழந்தைகள், மனநலம் குன்றியோர், மாற்றுத்திறனாளிகள், முதியோர், வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் என்று தாமாகச் சென்று புகார் கொடுக்க இயலாதவர்களைப் பற்றியே இக்கடமை பேசப்படுகிறது. இந்தியாவில் இது ஒரே சட்டமாக இல்லை. குழந்தைகள்மீதான பாலியல் குற்றத்தில் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சொல்லலாம் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. முதியோர் விஷயத்தில் மருத்துவருக்கென்று அது எதையும் சொல்வதில்லை.

சென்னையின் தென்பகுதிக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழ்ந்த ஒரு பெண் மருத்துவர் இப்படியொரு சட்டம் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, தான் மருத்துவராக அறிந்தவற்றைச் சட்டமன்றத்தில் பேசினார். மறுபுறம், தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகள் குடும்ப மருத்துவர் என்ற வழக்கம் வலுவாக இருந்த இடங்கள். பாட்டியின் ரத்த அழுத்தத்தையும் பேரனின் தட்டம்மையையும் ஒரே மருத்துவர் பார்ப்பார். வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டார் என்பதே அவர்மேல் இருந்த நம்பிக்கை. தகவல் கடமை நேரே மோதுவது இந்த நம்பிக்கையோடுதான்.

கோஷா மருத்துவமனையும் சம்மத வயதும்

மேரி ஷார்லீப் சென்னையில் வழக்கறிஞராக இருந்த தன் கணவருக்கு உதவியாக வேலை பார்த்தபோது, பிரசவத்தில் பெண்கள் படும் துயரங்களைக் கேள்விப்பட்டார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரானார். ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்காக அவர் முன்னின்று 1885-இல் தொடங்கிய மருத்துவமனையே பின்னர் சேப்பாக்கத்தில் நிலைபெற்று, மக்கள் வழக்கில் கோஷா ஆஸ்பத்திரி ஆகி, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கிறது. பெண் மருத்துவர்கள் வந்த பிறகுதான் சிறுமிகளின் உடலில் உள்ள காயங்களை மருத்துவம் பார்க்கத் தொடங்கியது. அதுவரை அவை வீட்டுக்குள்ளேயே ஆறின, அல்லது ஆறாமல் போயின.

1890-இல் கல்கத்தாவில் பத்து அல்லது பதினோரு வயதான புல்மோனி தாசி என்ற சிறுமி, முப்பத்தைந்து வயதுக் கணவனின் வன்புணர்ச்சியால் இறந்தாள். அன்றைய சட்டப்படி சம்மத வயது பத்து. ஆகவே கணவன்மீது வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. சிறிய குற்றத்துக்காக ஓராண்டு தண்டனை பெற்றான். இதையடுத்து இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் 55 பேர், மான்செல் என்ற மருத்துவரின் முன்முயற்சியில், வைஸ்ராய்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். தாங்கள் சிகிச்சையளித்த சிறுமிகளின் நிலையை அதில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தனர். பெயர்கள் இல்லை. வயது, காயம், முடிவு ஆகியவை மட்டும். இந்தியாவில் மருத்துவர்கள் கூட்டாகச் செய்த முதல் தகவல் அறிக்கை என்று இதைச் சொன்னால் மிகையில்லை. 1891-இல் சம்மத வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது.

சட்டம் வந்தது. வழக்குகள் வரவில்லை. 1925-இல் வயது மீண்டும் உயர்த்தப்பட்டது: பொதுவாகப் பதினான்கு, திருமண உறவுக்குள் பதின்மூன்று. அப்போதும் வரவில்லை. 1928-இல் சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் அமைக்கப்பட்ட சம்மத வயதுக் குழு நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்டது. குழுவில் இரண்டு பெண்கள் இருந்தனர். ஒருவர் ராமேஸ்வரி நேரு. மற்றவர் சென்னை விக்டோரியா அரசு மருத்துவமனையின், அதாவது அதே கோஷா மருத்துவமனையின் கண்காணிப்பாளரான டாக்டர் ஓ'பிரையன் பீடன். தமிழ்நாட்டிலிருந்து ஆற்காடு இராமசாமி முதலியாரும் உறுப்பினர். சட்டம் காகிதத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது என்பதைக் குழு கண்டது. பெரும்பாலான மக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் புகார் சொல்லவில்லை. குற்றம் வீட்டுக்குள் நடக்கிறது, சாட்சி வீட்டார், குற்றவாளியும் வீட்டார் என்றால் யார் போய்ச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிற்காலச் சட்டங்கள் மருத்துவரிடம் வந்தன.

முத்துலட்சுமி ரெட்டி

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1926-இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத்தலைவரும் ஆனார். 1927 நவம்பரில், சிறுமிகளைக் கோவில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1928 மார்ச்சில் திருமண வயதைப் பெண்ணுக்குப் பதினாறாகவும் ஆணுக்கு இருபத்தொன்றாகவும் உயர்த்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இரண்டு விவாதங்களிலும் அவருடைய ஆதாரம் மருத்துவ அனுபவமாக இருந்தது. நூல்களிலிருந்து எடுத்துப் பேசியவர்களுக்கு நடுவே, பிரசவ அறையிலிருந்து வந்து பேசியவர் அவர் ஒருவரே.

இங்கே கவனிக்கவேண்டியது, அவருக்குச் சட்டம் எந்தக் கடமையையும் விதிக்கவில்லை என்பது. 1920-இன் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவின் முதல் மாகாணக் குழந்தைகள் சட்டம். கைவிடப்பட்ட, தவறான சூழலில் வளரும் குழந்தைகளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர அதில் வழி இருந்தது. ஆனால் அது காவலரின் வேலையாகவே கருதப்பட்டது. மருத்துவர் அறிந்ததை என்ன செய்வது என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது.

தகவல் சொன்ன பிறகு அந்தக் குழந்தை எங்கே போகும் என்ற கேள்வியையும் முத்துலட்சுமியே முதலில் எதிர்கொண்டார். பொட்டுக்கட்டப்படுவதிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் 1930-இல் அவரைத் தேடிவந்தபோது அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாகி, பின்னர் அடையாற்றில் நிலைகொண்டது. அவரைப் பற்றிய நூல்களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கிடைக்கும் பக்கங்கள் அவ்வை இல்லத்துக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு அவ்வை இல்லமே முக்கியம். மீட்கப்பட்ட குழந்தைக்கு ஓர் இடம் இல்லையென்றால், தகவல் சொல்வது அக்குழந்தையை மீண்டும் அதே வீட்டுக்கு, இன்னும் கோபம்கொண்ட வீட்டுக்கு அனுப்புவதாகவே முடியும். விடுதலைக்குப் பின் 1949-இல் காமராஜரின் துணையோடு மஞ்சுபாஷிணி தியாகராய நகரில் தொடங்கிய பால மந்திரும் இந்தத் தேவையிலிருந்து எழுந்ததே.

ஏ.ஆர். புத்தகம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அடிபட்டு வருபவர் முதலில் பதிவாவது விபத்துப் பதிவேட்டில். மருத்துவமனை ஊழியர் முதல் வழக்கறிஞர் வரை எல்லாரும் அதை ஏ.ஆர். என்றே சொல்வார்கள். ‘ஏ.ஆர். போட்டாச்சா' என்பது அவசரச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி. யார் அழைத்துவந்தார், காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொன்னார், எத்தனை காயம், எவ்வளவு நீளம் ஆகியவற்றை எழுதி, காவல்நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். 1911-இல் தொடங்கப்பட்ட ராயப்பேட்டை அரசு மருத்துவமனைதான் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதி மக்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை. அதன் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் டோனவன், கருங்காய்ச்சல் கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர்.

ஏ.ஆர். என்பது தகவல் கடமையின் பழைய வடிவம். ஆனால் அது காயத்தைப் பதிவதற்கானது, துன்புறுத்தலைக் கண்டுபிடிப்பதற்கானதல்ல. ‘எப்படி ஏற்பட்டது' என்ற இடத்தில் அழைத்துவந்தவர் சொல்வதே எழுதப்படும். பல பத்தாண்டுகளாகத் தமிழகத் தீக்காயப் பிரிவுகளில் இளம்பெண்களின் பதிவில் எழுதப்பட்டது ‘ஸ்டவ் வெடித்தது' என்ற ஒரே வாக்கியம். அதைச் சொன்னது பெரும்பாலும் கணவரோ மாமியாரோ. அந்தப் பெண்ணே சொன்னாலும் அருகில் அவர்கள் நின்றார்கள். 1980-களில் வரதட்சணைக் கொடுமைக்கும் வரதட்சணை மரணத்துக்கும் தனிக் குற்றப் பிரிவுகள் வந்தபின்பு, திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இறக்கும் பெண்ணின் மரணத்தைக் கோட்டாட்சியர் விசாரிக்கும் நடைமுறை உறுதிப்பட்டது. அந்த விசாரணை தொடங்குவது மரணத்துக்குப் பிறகு. முன்னதாக இரண்டு முறை கை முறிந்து வந்தபோது எழுதப்பட்ட ஏ.ஆர். பக்கங்களை யாரும் சேர்த்துவைத்துப் படித்ததில்லை.

பொதுமக்களின் கடமை பற்றிய சட்டத்திலும் ஒரு விசித்திரம் இருந்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சில குற்றங்களை அறிந்தவர் யாராயினும் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்றது. கொலை, கொள்ளை, இரவில் வீடுபுகுதல், கள்ளநோட்டு, உணவில் கலப்படம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வன்புணர்ச்சி இல்லை. பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததைச் சொல்லாதவர் சட்டத்தை மீறியவர். அதே வீட்டில் குழந்தைக்கு நடப்பதைச் சொல்லாதவர் அப்படியல்ல.

டென்வர், 1962

குழந்தையை அடிக்கும் பெற்றோர் என்ற எண்ணத்தையே மருத்துவம் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1860-இல் பாரிஸில் அம்புருவாஸ் தார்தியூ என்ற சட்ட மருத்துவர், பெற்றோராலும் பாதுகாவலராலும் வதைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1946-இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி, தலைக்குள் ரத்தக்கசிவோடு கைகால் எலும்புகளும் முறிந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். காரணத்தை வெளிப்படையாக எழுத அவரும் தயங்கினார்.

1962 ஜூலையில் டென்வர் நகரின் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரைதான் அந்தத் தயக்கத்தை உடைத்தது. 71 மருத்துவமனைகளிலிருந்து 302 குழந்தைகளின் விவரத்தை அவர்கள் திரட்டியிருந்தனர். 33 பேர் இறந்திருந்தனர். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. பெற்றோர் சொல்லும் காரணத்துக்கும் எக்ஸ்-ரே காட்டும் காயத்துக்கும் பொருத்தமில்லாவிட்டால் மருத்துவர் எக்ஸ்-ரேயை நம்பவேண்டும் என்பதே கட்டுரையின் சாரம். அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் மருத்துவருக்குத் தகவல் கடமையை விதித்துச் சட்டம் இயற்றின. அங்கே ‘நியாயமான சந்தேகம்' இருந்தாலே தகவல் சொல்லவேண்டும், உறுதி தேவையில்லை. சொன்னவர்மீது வழக்கு தொடுக்கமுடியாது. பிரிட்டன் இந்த வழியில் போகாமல் பல பத்தாண்டுகள் தொழில் நெறிமுறைகளையே நம்பியிருந்தது. எது சரி என்ற விவாதம் அந்நாடுகளில் இன்னும் முடியவில்லை.

2004 முதல் 2012 வரை

இந்தியாவில் இந்தப் பேச்சு தொடங்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை நம் ஊரில் இல்லை, மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் படித்தவர்களிடையே வலுவாக இருந்தது. அதை எண்களால் மறுத்தவற்றில் சென்னையின் துளிர் அமைப்பு செய்த ஆய்வும் ஒன்று. குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கவும் பாதிக்கப்பட்டோரைத் தேற்றவும் 2004-இல் தொடங்கப்பட்ட துளிர், 2006-இல் சென்னைப் பள்ளி மாணவர்கள் 2,211 பேரிடம் ஆய்வு செய்தது. 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர். சிறுமியரில் 39 விழுக்காடு, சிறுவரில் 48 விழுக்காடு. சிறுவர் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது பலருக்கும் அதிர்ச்சி. 2007-இல் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே சொன்னார்கள்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், இத்தனை குழந்தைகளில் மருத்துவரிடம் வந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி எழுகிறது. வந்தவர்களும் வயிற்றுவலி, சிறுநீர்க் கடுப்பு, தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல் என்றுதான் வந்திருப்பார்கள். அவற்றுக்கு மருந்து எழுதி அனுப்பியிருப்பார்கள். மருத்துவப் படிப்பில் சட்ட மருத்துவம் இரண்டாமாண்டுப் பாடமாகப் பிணக்கூறு ஆய்வோடு முடிந்துபோனது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பது அதில் இல்லை.

பத்தொன்பதாம் பிரிவு

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், மக்கள் வழக்கில் போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்நிலையத்துக்கோ தகவல் சொல்லவேண்டும். இது எல்லாருக்குமான கடமை. 20-ஆம் பிரிவு மருத்துவமனைகளைத் தனியே பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. சொல்லத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத் தலைவர், தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு. மயிலாப்பூரில் உள்ள ஒரு மருத்துவர் அனுப்பும் தகவல் வழக்கமாகப் போய்ச் சேர்வது அப்பகுதியின் அனைத்து மகளிர் காவல்நிலையத்துக்கு. இந்தக் காவல்நிலையங்களும் சென்னையில் பிறந்தவையே. 1992-இல் ஆயிரம் விளக்கில் முதலாவது திறக்கப்பட்டது.

2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனை எதுவாயினும் உடனே இலவச முதலுதவியும் சிகிச்சையும் அளித்துக் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறை. ‘போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்கமாட்டோம், ஜி.எச்.சுக்குப் போங்கள்' என்று திருப்பியனுப்பும் பழக்கத்துக்கு எதிராக வந்த பிரிவு இது. அதே ஆண்டு ஏப்ரலில், அறிவுத்திறன் குறைபாடுள்ள பதினோரு வயதுச் சிறுமியின் கொலை வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சைக்கு வந்த குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் மருத்துவமனைகள் உடனே தகவல் தரவேண்டும் என்று வழிகாட்டியது.

19-ஆம் பிரிவின் சொல் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நடந்துவிட்ட குற்றத்தைப் பொறுத்தவரை அது கேட்பது ‘அறிவு', சந்தேகம் அல்ல. இந்த வேறுபாடு 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் சிறுமி ஒருத்தி மருத்துவமனையில் பிரசவித்தாள். வயது பதினெட்டு என்று பதிவாகியிருந்தது. தகவல் சொல்லவில்லை என்று மருத்துவர்கள்மீது வழக்கு. அவளுடைய வயதை விசாரித்துக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மருத்துவருக்கு இல்லை, அறிந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2022 நவம்பர் 2 அன்று, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டப் பழங்குடிச் சிறுமியர் விடுதி வழக்கில் அதே நீதிமன்றம் வேறு திசையில் பேசியது. அச்சிறுமிகளுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் தகவல் தராதது குறித்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்திருந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை மீட்டு, உடனடித் தகவல் இல்லாவிட்டால் சட்டத்தின் நோக்கமே தோற்கும் என்றது. இரண்டு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல. ஆனால் சிறு கிளினிக் நடத்தும் மருத்துவருக்கு இவை சேர்ந்து தரும் பாடம் தெளிவில்லாதது. கேட்டுத் தெரிந்துகொண்டால் கடமை வரும், கேட்காமல் விட்டால் வராது என்று படித்துக்கொள்ள இடமிருக்கிறது. ஒரு சட்டம் மருத்துவரைக் கேள்வி கேட்காமல் இருக்கத் தூண்டுமானால் அது கவலைக்குரியது.

பெயர் சொல்லாத தகவல்

போக்சோவுக்கு முன் சம்மத வயது பதினாறு. போக்சோ அதைப் பதினெட்டாக்கியது. அத்தோடு பதினேழு வயதினர் விரும்பிக் கொண்ட உறவும் குற்றமானது. கருவுற்ற பதினேழு வயதுப் பெண் தாயோடு மகப்பேறு மருத்துவரிடம் வந்தால், கருக்கலைப்புச் சட்டம் அவளுடைய பெயரை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. போக்சோ காவல்துறைக்குச் சொல்லச் சொல்கிறது. சொன்னால் பையன் சிறைக்குப் போவான். ஆகவே பல குடும்பங்கள் மருத்துவரிடம் போவதையே தவிர்த்து மருந்துக்கடை மாத்திரையையோ தகுதியற்றவர்களையோ நாடின. குழந்தையைக் காக்க வந்த கடமை குழந்தையை மருத்துவத்திடமிருந்து விரட்டியது.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சிக்கலை நாட்டின் பிற நீதிமன்றங்களுக்கு முன்பே பேசத் தொடங்கியது. 2019-இல் நீதிபதி வி. பார்த்திபன், பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவைச் சட்டத்தின் கடுமையிலிருந்து விலக்குவதை ஆராயலாம் என்று கூறினார். 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய வழக்கு ஒன்றை ரத்துசெய்தார். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, பாலியல் வன்முறைக்கு ஆளானோரிடம் செய்யப்படும் இருவிரல் பரிசோதனையைத் தடைசெய்ய உத்தரவிட்டது. தகவல் சொன்னபின் அக்குழந்தைக்கு மருத்துவமனையில் என்ன நேரும் என்பதும் கடமையின் பகுதி என்பதால் இந்த உத்தரவை இங்கே குறிப்பிடவேண்டியிருக்கிறது. அவமானப்படுத்தும் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறோம் என்று தெரிந்த மருத்துவருக்குக் கை எழாது.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பில் ஒரு நடுவழியைக் கண்டது. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் 19-ஆம் பிரிவின்கீழ் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்லவேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு, இதைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்துவதை வலியுறுத்தி, இசைவான உறவில் கருவுற்ற சிறுமியின் பெயரை மருத்துவரிடம் வற்புறுத்திக் கேட்கவேண்டியதில்லை என்றது. 1890-இன் பெண் மருத்துவர்களும் இப்படித்தான் பெயரின்றி எழுதினார்கள். ஆனால் அவர்கள் சட்டத்தை மாற்ற எழுதினார்கள். இன்றைய மருத்துவரின் பெயரற்ற அறிக்கை ஒரு காவல்நிலைய மேசைக்குப் போகிறது. அதை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என்ன செய்வது என்பது இன்னும் நன்கு வரையறுக்கப்படவில்லை. ‘இசைவான உறவு' என்று தாயார் சொல்வது உண்மைதானா, குற்றவாளி வீட்டிலேயே இருக்கிறானா என்பதை அறையில் தனியாகக் கேட்டறியும் வேலை மீண்டும் மருத்துவரிடமே வந்து நிற்கிறது.

குழந்தைகள் தவிர்த்த பிறர்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். அவர்கள் கட்டப்பட்டிருந்தது ரகசியமல்ல. தர்காவுக்கு வந்துபோன எல்லாரும் பார்த்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநோயாளி ஒருவரைப் பராமரிக்கவேண்டியவரே கொடுமைப்படுத்துகிறார் அல்லது புறக்கணிக்கிறார் என்று நம்பக் காரணமுள்ள எவரும் காவல்நிலையத்தில் தெரிவிக்கவேண்டும் என்று இருக்கிறது. ‘வேண்டும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தெரிவிக்கலாம்' என்கிறது. 2018 ஜூலையில் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த பதினோரு வயதுச் சிறுமிக்குப் பல மாதங்களாக நடந்த கொடுமை வெளிவந்தது வெளியூரில் படித்த அக்கா வீட்டுக்கு வந்தபோதுதான். 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டனர்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அடிபட்ட பெண்ணுக்குச் சிகிச்சை மறுக்கக்கூடாது. அதுவரை குடும்ப நிகழ்வு அறிக்கை தயாராகியிராவிட்டால், மருத்துவமனைப் பொறுப்பாளரே முதலாம் படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பவேண்டும். இந்தப் படிவம் ஏ.ஆர். புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஸ்டவ் வெடித்த கதைகள் சில வேறுமாதிரி முடிந்திருக்கும்.

முதியோர் விஷயம் தென்சென்னைக்கு நெருக்கமானது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மந்தைவெளியிலோ பெசன்ட் நகரிலோ, பராமரிக்க வேலையாள் அல்லது உறவினர் என்பது இப்பகுதிகளில் பழகிப்போன ஏற்பாடு. முதியோர்மீதான வன்முறையை மருத்துவ உலகம் பேசத் தொடங்கியது 1975-இல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு கடிதத்தோடு. மூன்றே ஆண்டுகளில், 1978-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வ.செ. நடராசன் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம்.

படுக்கைப்புண், மேற்கையில் விரல் பதிந்த கன்றல், எழுதிக்கொடுத்த மருந்து வாங்கப்படாதது, அளவுக்கு மீறிய தூக்கமாத்திரை, கேள்வி கேட்டால் மருமகளையோ மகனையோ பார்த்துவிட்டுப் பதில் சொல்வது. இவற்றைப் பார்க்கும் மருத்துவருக்கு 2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லை. முதியவரைக் கைவிடுவதற்கு மூன்று மாதச் சிறையோ ஐயாயிரம் ரூபாய் அபராதமோ அதில் உண்டு. குழந்தையைப்போல முதியவரையும் நடத்தி அவர் விருப்பத்தை மீறிக் காவல்துறைக்குச் சொல்வது சரியல்ல என்ற வாதம் இங்கே வலுவானது. அறிவு தெளிவாக உள்ள எண்பது வயதுப் பெண்மணி, மகனைப் போலீஸில் பிடித்துக்கொடுக்கவேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கவேண்டும். மறதிநோய் வந்தவர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது.

2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே கன்றலோடு வரும் முதியவரைப் பார்க்கும் மருத்துவர், காயத்தைக் குறிப்பேட்டில் எழுதலாம், உறவினரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணைத் தரலாம். பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கான மனுவில் கையெழுத்திடவேண்டியவர் முதியவர். அவரால் இயலாவிட்டால் அவர் அதிகாரமளித்த ஒருவரோ ஓர் அமைப்போ இடலாம். தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அந்தச் செய்தியைத் தீர்ப்பாயத்துக்கு யார் கொண்டுபோகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.